ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனம், ஃப்ளோரன்ஸ்

ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனம் இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகரை ஒட்டிய ஃபியேசோலே குன்றுப் பகுதியில் இயங்கும் பன்னாட்டு உயர்கல்வி நிலையம். பொருளியல், சட்டம், வரலாறும் நாகரிகமும், அரசியல்-சமூக அறிவியல் ஆகிய நான்கு துறைகளில் முனைவர் பட்ட ஆய்வே இதன் முதன்மைப் பணி. இளநிலைப் படிப்பு கிடையாது. பேராசிரியர்களுக்கு நிரந்தரப் பணியும் கிடையாது, குறித்த கால ஒப்பந்தம்தான். இந்தச் சுருக்கமான வடிவத்தைக் கல்வியாளர்களின் தெளிந்த தேர்வாகக் காட்டுவது எளிது. ஆனால் தொடக்க வரலாற்றைப் பார்த்தால், அரசுகளின் இழுபறிக்குப் பிறகு எஞ்சியதே இந்த வடிவம் என்பது விளங்கும்.

இதன் சட்ட வேர் ஓர் அணுசக்தி உடன்படிக்கையில் இருக்கிறது. 1957 மார்ச் 25 அன்று ரோமில் கையெழுத்தான யூரட்டம் (ஐரோப்பிய அணுசக்திச் சமூகம்) உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, பல்கலைக்கழகத் தகுதியுடைய நிறுவனம் ஒன்று அமைக்கப்படும் என்றது; அது செயல்படும் முறையை உறுப்பு நாட்டு அமைச்சர்கள் மன்றத்தின் முடிவுக்கு விட்டது. யூரட்டம் ஆணையத் தலைவர் எத்தியென் இர்ஷ் 1960இல் முன்வைத்த திட்டத்தில் சமூக அறிவியல்களோடு கணிதமும் கோட்பாட்டு இயற்பியலும் இடம்பெற்றன. தேசங்களுக்கு மேலான அமைப்பு ஒன்றின் கையில் பல்கலைக்கழகம் போவதை அதிபர் தெ கோலின் பிரான்ஸ் விரும்பவில்லை. மேற்கு ஜெர்மனியின் பல்கலைக்கழகத் தலைவர்களும் எதிர்த்தனர். 1961 ஜூலையில் பான் நகரில் கூடிய, ஐரோப்பியச் சமூகத்தின் அன்றைய ஆறு உறுப்பு நாடுகளின் தலைவர்கள், பொறுப்பை இத்தாலியிடம் ஒப்படைத்து நழுவிக்கொண்டனர். இர்ஷுக்குப் பதவி நீட்டிப்பும் கிடைக்கவில்லை. பிறகு பல ஆண்டுகள் திட்டம் கிடப்பில் கிடந்தது. 1969 ஹேக் உச்சி மாநாடு அதைத் தூசிதட்டி எடுத்தது. 1972 ஏப்ரல் 19 அன்று ஆறு நாடுகளும் ஃப்ளோரன்ஸில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதற்குள் கணிதமும் இயற்பியலும் உதிர்ந்துவிட்டன. நிறுவனமும் ஐரோப்பியச் சமூகத்தின் உறுப்பாக அல்லாமல், அரசுகளுக்கு இடையிலான தனி அமைப்பாகவே பிறந்தது. 15ஆம் நூற்றாண்டில் கோசிமோ தெ மெதிச்சியின் ஆதரவில் புதுப்பிக்கப்பட்ட பதியா ஃபியேசொலானா மடத்தில், மாக்ஸ் கோன்ஸ்டாமின் தலைமையில் 1976இல் பணி தொடங்கியது.

இர்ஷின் திட்டமும் பட்ட மேற்படிப்பு மாணவர்களுக்கானதே, ஆகவே வடிவம் மாறவில்லை என்று வாதிடலாம். படிப்பின் நிலை மாறவில்லை என்பது சரி. பாடப் பரப்பும் உரிமையும் மாறினவே! அரசுகளின் பணத்தில் நடப்பதால் ஆய்வு ஐரோப்பிய ஒன்றிணைப்பின் துதிபாடலாகிவிடும் என்பது இன்னொரு ஐயம். நிறுவனத்தின் வரலாற்றுத் துறையே இதற்குப் பதில். ஒன்றிணைப்புக்கு வித்திட்டது கூட்டாட்சி இலட்சியமே என்று எழுதிய வால்டர் லிப்கென்ஸும், தேசிய அரசுகள் தம் நலனுக்காகவே இணைந்தன என்று மறுத்த ஆலன் மில்வர்டும் அடுத்தடுத்து அங்கேயே பேராசிரியர்களாக இருந்தனர். பின்னாளில் நிறுவனம் மாறவும் செய்தது: 2017இல் நாடுகடந்த ஆளுகைக்கான பள்ளி ஒன்று சேர்ந்தது. பிரெக்சிட்டுக்குப் பின் பிரிட்டன் நிறுவனத்திலிருந்து விலகியது. மொத்தத்தில், தொடக்கத்தில் அரசுகள் காட்டிய தயக்கம் இதன் பரப்பைக் குறுக்கியதே தவிர, சிந்தனையைக் குறுக்கவில்லை.