யூடியூப் பார்த்து கிட்டார் கத்துக்கறீங்களா? முதல் பாட்டு வரைக்கும் போக ஒரு வழி!

பல வீடுகளில் ஒரு கிட்டார் இருக்கிறது. பீரோவுக்கு மேலே, உறைக்குள், ஒரு கம்பி அறுந்த நிலையில். வாங்கிய முதல் வாரம் ராத்திரி பகலாக வாசித்திருப்பார்கள். ரெண்டாவது வாரம் விரல் வலி. மூணாவது வாரம், 'அப்புறம் பார்த்துக்கலாம்'. ஏன் விட்டீங்கன்னு கேட்டால், 'நமக்கு மியூசிக் சென்ஸ் இல்லைங்க' என்பார்கள். பெரும்பாலும் அது காரணமே இல்லை.

பாடங்களுக்கும் பஞ்சமில்லை. கேசட்டை ரீவைண்ட் பண்ணிப் பண்ணி காதால் கேட்டுக் கற்றுக்கொண்ட தலைமுறைக்கு, இன்றைக்குக் கையில் இருக்கும் செல்போன் ஒரு பொக்கிஷம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நேரில் சொல்லித்தரும் மாஸ்டர் உங்கள் விரலைப் பார்ப்பார், வாசிப்பதைக் கேட்பார், 'கட்டைவிரலை இறக்கு' என்று அதட்டுவார். திரையில் இருக்கிறவருக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் எவ்வளவு தப்பாக வாசித்தாலும், 'சூப்பர், அடுத்த பாடத்துக்குப் போலாமா' என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார். அந்த மாஸ்டரின் கண்ணையும் காதையும் நீங்களே ஏற்பாடு செய்துகொண்டால், ஆன்லைன் பாடம் பலிக்கும்.

முதலில் கிட்டாருக்கு ஒரு செக்கப்

விரல் வலிக்குப் பாதி காரணம் விரல் இல்லை, கிட்டார். கழுத்துப் பகுதியில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளை ஃப்ரெட் என்பார்கள். 12-வது ஃப்ரெட்டுக்கும் அதன் மேலே போகும் தடித்த கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஒரு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். சுமார் 2.5 மில்லிமீட்டர் என்றால் நல்லது. 3 மில்லிமீட்டரைத் தாண்டினால், கம்பியை அழுத்துவதற்குள் உயிர் போய்விடும். விலை குறைந்த புதுக் கிட்டார்கள் பலவும் இப்படித்தான் வருகின்றன. இசைக்கருவிக் கடையில் 'செட்டப் பண்ணிக் கொடுங்க' என்று கேளுங்கள், உயரத்தைக் குறைத்துத் தருவார்கள்.

அடுத்தது கம்பி. பாக்கெட் மேல் 10, 11, 12 என்று ஓர் எண் இருக்கும். செட்டில் உள்ள மெல்லிய கம்பியின் கனம், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று அதற்கு அர்த்தம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் 10 கேட்டு வாங்கிப் போடலாம். சத்தம் கொஞ்சம் மெலிதாக இருக்கும். பரவாயில்லை, விரல் பிழைக்கும். நுனியில் தோல் காய்க்கிற வரை சில வாரங்கள் வலி இருக்கத்தான் செய்யும். ஆனால் மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலித்தால், அது பழகிப்போக வேண்டிய வலி இல்லை. உடனே நிறுத்திவிட்டு, உட்காரும் விதத்தையும் கையை வளைக்கும் விதத்தையும் மாற்றுங்கள்.

பிறகு சுருதி. தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை இ, ஏ, டி, ஜி, பி, இ. இலவச ட்யூனர் ஆப் போதும். சுருதி மேலே போய்விட்டால், ஒருமுறை நன்றாகக் கீழே இறக்கி, அங்கிருந்து ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்துங்கள். அப்போதுதான் கம்பி நிலையாக நிற்கும். புதுக் கம்பி சில நாள் இளகிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் சரிபார்க்கணும். சுருதி சேராத கிட்டாரில் சரியான கார்டைப் பிடித்தாலும் தப்பாகத்தான் கேட்கும். 'நமக்கு வராது' என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான்.

ஒரு வாத்தியார், மூணு மாசம்

இன்றைக்கு ஒரு சேனல், நாளைக்கு ஒரு ஆப், அதற்கடுத்த நாள் '10 நிமிஷத்தில் கிட்டார்' என்று ஒரு ரீல்ஸ். இப்படித் தாவினால் எல்லோருடைய முதல் பாடத்தையும் கற்றுக்கொள்வீர்கள், யாருடைய ரெண்டாவது பாடத்துக்கும் போக மாட்டீர்கள். வரிசைப்படுத்திய பாடத்திட்டம் வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்துக்கொண்டு மூணு மாசம் அவரை விடாதீர்கள். ஆங்கிலம் புரியும் என்றால் ஆஸ்திரேலியாக்காரரான ஜஸ்டின் சான்டர்கோவின் இலவசப் பாடங்கள் நல்ல ஆரம்பம். தமிழில் சொல்லித்தருகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். பாட்டு பாட்டாக மட்டும் வீடியோ போடுகிறவரைவிட, பாடம் 1, பாடம் 2 என்று எண் போட்டு வைத்திருப்பவரே ஆரம்பத்துக்குச் சரி.

வீடியோவைப் பார்ப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. வாத்தியார் உங்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் அவர் கிட்டாரின் கழுத்து திரையில் உங்கள் வலப்பக்கம் போகும். உங்களுடையது இடப்பக்கம். தடித்த கம்பி மட்டும் இரண்டிலும் மேலேதான். அதனால் கையைக் காப்பி அடிக்காமல், 'எந்தக் கம்பி, எத்தனையாவது ஃப்ரெட், எந்த விரல்' என்று வாயால் சொல்லிக்கொண்டே வையுங்கள். டேப் என்கிற ஆறு கோட்டுக் குறிப்பில் விஷயம் தலைகீழ். அங்கே மேல் கோடுதான் மெல்லிய கம்பி. வேகமாகப் போகும் இடத்தில் பிளேபேக் வேகத்தை 0.75 அல்லது 0.5 என்று குறைத்தால் வேகம்தான் குறையும், சுருதி மாறாது.

மாற்றுவதுதான் வித்தை

ஒரு கார்டைப் பிடிக்க யாராலும் முடியும். அடுத்த கார்டுக்குத் தாளம் தவறாமல் போவதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். இதற்கு சான்டர்கோ சொல்லித்தரும் ஒரு பயிற்சி எளிமையானது. செல்போனில் 60 விநாடி டைமர் வையுங்கள். இரண்டு கார்ட்களுக்கு நடுவே மாறி மாறிப் போய், எத்தனை முறை மாற்றினீர்கள் என்று எண்ணிக் குறித்துவையுங்கள். முதல் நாள் பத்தைத் தாண்டாமல் போகலாம். நிமிஷத்துக்கு 60 என்பது இலக்கு. நோட்டில் அந்த எண் ஏறுவதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம், எந்த ஆப் கொடுக்கும் நட்சத்திரத்திலும் இல்லை.

மாற்றும்போது எல்லா விரலையும் தூக்கி மறுபடி வைக்கத் தேவையில்லை. ஏ மைனரிலிருந்து சி கார்டுக்குப் போக மோதிர விரல் மட்டும் நகர்ந்தால் போதும். இ மேஜரின் அதே வடிவத்தை ஒரு கம்பி கீழே தள்ளினால் ஏ மைனர் வந்துவிடும். இப்படிச் சொந்தக்காரக் கார்ட்களாகச் சேர்த்துப் பழகினால் சீக்கிரம் கை திரும்பும். எஃப் கார்ட் வந்து நிற்கும்போது பயப்படாதீர்கள். ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்தும் அந்தப் படுத்தலைக் கொஞ்ச நாளைக்கு ஒத்திப்போட்டு, நாலு கம்பியில் மட்டும் பிடிக்கும் சின்ன எஃப்பை வைத்து ஓட்டலாம்.

தகிட தகிட

ஆங்கிலப் பாடங்களை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் தமிழ்ப் பாட்டுக்கு வரும்போது குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஆரம்பப் பாடங்களில் வலக்கைக்குச் சொல்லித்தரும் ஸ்ட்ரம்மிங் பெரும்பாலும் நாலு நாலாக எண்ணுவது. நம்ம சினிமாப் பாட்டிலோ ஆறு எண்ணிக்கையில் ஆடும் பாட்டுகள் ஏராளம். அதில் போய் நாலு எண்ணிக்கை ஸ்ட்ரம்மிங்கைத் திணித்தால், கார்ட் எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு நொண்டும். 'எங்கேயோ தப்பு, எங்கேன்னு தெரியலை' என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிவரும்.

கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டை ஓடவிட்டு, கை தட்டிப் பாருங்கள். வாய் 'தகதிமி' என்று போகிறதா, 'தகிட தகிட' என்று போகிறதா? தகிட என்றால் ஆறு தடவையும் கீழ்நோக்கி மீட்டி, ரெண்டு 'த'வை மட்டும் அழுத்துங்கள். ஆரம்பத்துக்கு அது போதும். இந்த விஷயத்தில் எந்த வீடியோவையும்விட உங்கள் காதைத்தான் நான் நம்புவேன்.

எந்தப் பாட்டு முதல் பாட்டு?

தமிழ்நாட்டில் கிட்டார் வாங்குகிற பாதிப் பேர் மனசில் 'இளைய நிலா' இருக்கும். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படப் பாட்டு. அதில் கிட்டார் வாசித்தவர் சந்திரசேகர். கற்றுக்கொள்ள வேண்டிய பாட்டுதான், முதல் மாசத்தில் அல்ல. ஒவ்வொரு கம்பியாக விரலால் மீட்டும் வேலை அது. இசையமைத்த இளையராஜாவே கிட்டார் கலைஞர், கிளாசிக்கல் கிட்டாரில் லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தங்கப் பதக்கம் வாங்கியவர். அவருடைய பல பாட்டுகளில் கார்டும் பேஸும் ஒரு இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். ஆறேழு மாசம் கழித்து அவரிடம் போகலாம்.

முதல் பாட்டுக்கு மூணோ நாலோ கார்ட்தான் இருக்கணும், சரணம் வரை வார்த்தை தெரிந்திருக்கணும், தூங்கும்போது எழுப்பினாலும் நீங்கள் பாடணும். ஆங்கிலப் பாட்டு என்றால் பாப் டிலனின் 'நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்' நல்ல தேர்வு. ஜி, டி, ஏ மைனர், சி என நாலே கார்ட்கள்.

இணையத்தில் கிடைக்கும் கார்ட் ஷீட்கள் பலவும் ரசிகர்கள் காதால் கேட்டு எழுதியவை. தப்பு சகஜம். ஓர் இடம் மட்டும் உறுத்தினால், சி-க்குப் பதில் ஏ மைனர், ஜி-க்குப் பதில் இ மைனர் என்று மாற்றிப் பாருங்கள். இந்த ஜோடிகளில் மூன்று ஸ்வரங்களில் இரண்டு பொது என்பதால் அடிக்கடி ஆள் மாறாட்டம் நடக்கும்.

பாடகரின் சுருதி உங்கள் தொண்டைக்கு எட்டவில்லையா? அதற்குத்தான் கேப்போ என்கிற கிளிப். சி வடிவத்தைச் சும்மா பிடித்தால் ஒரு கட்டை. ரெண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி அதே வடிவத்தைப் பிடித்தால் ரெண்டு கட்டை. வீட்டில் யாராவது பாட்டு கற்றவர் இருந்தால் இந்தக் கணக்கை உங்களைவிட வேகமாகப் புரிந்துகொள்வார். ஒரிஜினல் சுருதியில்தான் பாடணும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

செல்போனைத் திருப்பி வையுங்கள்

வாரம் ஒருமுறை, பாடம் பார்க்கும் அதே செல்போனில் உங்களை வீடியோ எடுங்கள். ஒரே பாட்டு, ஆரம்பம் முதல் முடிவு வரை, தப்பு வந்தாலும் நிறுத்தாமல். அன்றைக்கே பார்க்காதீர்கள். மறுநாள் பாருங்கள். முதல் தடவை சத்தம் இல்லாமல் கையை மட்டும். இரண்டாவது தடவை படம் பார்க்காமல் காதால் மட்டும். எந்தக் கம்பி செத்து ஒலிக்கிறது, எந்த மாற்றத்தில் தாளம் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த வாரப் பயிற்சி அதுதான். தினமும் 20 நிமிஷம், ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ரெண்டு மணி நேரம் வாசிப்பதைவிட நல்லது.

மூணு மாசம் முடிந்ததும் ஊரில் இருக்கும் கிட்டார் மாஸ்டர் ஒருவரிடம் ஒரே ஒரு வகுப்புக்கு நேரம் கேளுங்கள். பலர் ஒப்புக்கொள்வார்கள். போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். 60 விநாடிக் கணக்கு எழுதிய நோட்டையும், கடைசியாக எடுத்த வீடியோவையும் காட்டுங்கள். புதுசாக எதுவும் சொல்லித்தரச் சொல்ல வேண்டாம். 'என் கையைப் பாருங்க சார், என்ன தப்புன்னு மட்டும் சொல்லுங்க' என்று கேளுங்கள்.