வாடகை பாக்கியும் குடியிருப்போன் சாமான்களும்: 1882 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஓர் அத்தியாயம்

வாடகை பாக்கிக்காகக் குடியிருப்போனுடைய பண்டபாத்திரங்களைத் தடுத்து வைத்துக்கொள்ளும் பாத்தியதை வீட்டுச் சொந்தக்காரருக்கு இயல்பாகவே உண்டென்றும், 1882 ஆம் ஆண்டு ராஜதானி நகர ஸ்மால்காஸ் கோர்ட்டுச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் அதனைச் சென்னை நகரில் ஒழுங்குபடுத்தியதேயன்றிப் படைக்கவில்லையென்றும், ஆகவே அவ்வத்தியாயம் எட்டாத வெளியூர்களில் அது பழைய வடிவிலேயே நிலைத்திருக்கிறதென்றும் ஒரு கொள்கை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. சட்டம் இயற்றியோரின் மனத்தை அறுதியிட்டுச் சொல்ல எவராலும் இயலாதெனினும், அத்தியாயத்தை நிதானமாக வாசிப்போர்க்கு இக்கொள்கை நிற்க இடமில்லை என்பதே என் துணிபு.

வாடகை கோருகிறவர் பிரமாணப் பத்திரத்துடன் கோர்ட்டை அணுக வேண்டும். அவரை நேரில் விசாரித்தபின் வாரண்டு பிறப்பிக்க மறுக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. 12 மாதங்களுக்கு மேற்பட்ட பாக்கிக்கோ இந்த அத்தியாயத்தில் பரிகாரமே இல்லை. வாரண்டு பிறந்த பின்னரும் ஜப்தி செய்கிறவன் கோர்ட்டு அமீனாவே. அவனும் சூரியோதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையிலேயே, வெளிக்கதவு திறந்திருக்கும் வீட்டினுள்ளேதான் புகலாம். ஸ்திரீகளுக்கென ஒதுக்கிய அறையை அவன் திறக்கலாகாது. ஒருவர் கையில் அப்போது பயன்பட்டுக்கொண்டிருக்கும் பொருளையும், உடுத்துவதற்கு அவசியமான துணிமணிகளையும், வேறு சாமான்களே போதுமானபோது தொழிற் கருவிகளையும் அவன் தொடலாகாது. ஜப்தியான 5 நாட்களுக்குள் குடியிருப்போனோ, பொருள் தன்னுடையதென்னும் அயலானோ நீதிபதியிடம் மனுச் செய்யலாம். இத்தனை படிகளுள் எதிலும் சொந்தக்காரர் கைக்குச் சாமான் ஒரு கணமேனும் வருவதில்லை. முன்பிருந்த உரிமையை ஒழுங்குபடுத்த வந்த சட்டம் அவ்வுரிமையின் ஒரு கூற்றையாவது உரியவரிடம் விட்டுவைத்திருக்கும். இதுவோ மனுச் செய்துகொள்ளும் உரிமையை மட்டுமே அவருக்கு அளித்திருக்கிறது.

இந்த அத்தியாயத்தின்படியன்றித் தாமே ஜப்தி செய்கிறவருக்கு அபராதமும் சிறையும் விதிக்கும் பிரிவையே எதிர்த்தரப்பார் தமக்குப் பெருந்துணையாகக் கொள்கின்றனர்: தடை விதிக்கப்பட்டதனாலேயே உரிமை முன்பு இருந்தது புலனாகிறதாம். தடையிலிருந்து ஊகிக்கக்கூடியது அவ்வாறு செய்வோர் இருந்தனர் என்பது மட்டுமே. அவர் செயல் நியாயமானது என்பதன்று. இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் அத்தகைய உரிமை இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலச் சட்டத்தோடு ராஜதானி நகரங்களுக்கு வந்த ஒன்று, அச்சட்டம் அவ்வாறு வேரூன்றாத திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் தொன்றுதொட்டு நிலைத்தது எங்ஙனம்? (இங்கிலாந்திலும் 2007 ஆம் ஆண்டுச் சட்டம் 2014 இல் நடைமுறைக்கு வந்ததோடு, குடியிருப்பு வீடுகளைப் பொறுத்தவரை அது முற்றும் ஒழிந்தது.)

வெளியூர்களுக்கும் பொருந்தும் 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமோ, கணக்கின் பொது நிலுவைக்காகப் பிறர் பொருளை நிறுத்திவைக்கத்தக்கவர்களைப் பெயர்சொல்லி வரையறுத்து, வெளிப்படையான ஒப்பந்தமின்றி ஏனையோர்க்கு அவ்வுரிமை இல்லையென்கிறது. பாங்குக்காரரும் ஹைகோர்ட்டு அட்டர்னியும் அவ்வரிசையில் உளர்; வீட்டுச் சொந்தக்காரர் இல்லை. அப்பிரிவு ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பற்றியதன்றோ என்பர். சொந்தக்காரரிடம் எதுவுமே ஒப்படைக்கப்படவில்லையாயின், அவர் நிலை இன்னும் பலவீனமாகிறதேயன்றி வலுப்பெறவில்லை.

ஆகவே, பாக்கிக்காக அறையைப் பூட்டிச் சாமான்களை உள்ளே வைத்துக்கொள்ளும் சொந்தக்காரர் எந்த ஊரினராயினும், 1963 ஆம் ஆண்டுக் குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின்படி, குடியிருப்போன் 6 மாதங்களுக்குள் தன் அனுபோகத்தையும், வேறு பிரிவின் கீழ்த் தன் பொருள்களையும் மீளக் கோரலாம். சொந்தக்காரருக்கு வரவேண்டிய வாடகை அதனால் அழிந்துபோவதில்லை. அதை அவர் தனி வழக்கில் வசூலித்துக்கொள்ள வேண்டியதே.