அழிந்ததை மீட்ட அறிவு

அமர்ந்திருந்த கிளையின் அடியையே வெட்டியவன் கதையை நாம் அனைவரும் இளமையில் கேட்டிருக்கிறோம். கணிப்பொறியின் வரலாற்றிலும் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆயினும் இங்கே வெட்டியவர்கள் வீழ்ந்துவிடவில்லை. வெட்டுண்ட கிளையை மீண்டும் பொருத்தினார்கள். அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

1969 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலிய அறிஞர்கள் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினர். சுருங்கச் சொல்லுதல் அதன் இயல்பு. கோப்புகளை நீக்க ‘ஆர்.எம்.’ என்னும் ஈரெழுத்துக் கட்டளை போதும். ‘உட்கிளைகள் அனைத்தையும், கேளாமலே நீக்குக’ என்ற குறிப்பையும் சேர்த்துவிட்டால், ‘மெய்தானா?’ என்று அது ஒரு சொல்லும் வினவாது.

இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் வாக்ஸ் என்னும் கணிப்பொறி ஒன்று யூனிக்ஸ் முறைமையில் இயங்கிவந்தது. ஒரு புதன்கிழமையன்று அக்கட்டளை தவறுதலாக, எல்லா அடைவுகளுக்கும் மூலமான வேர் அடைவிலேயே பிறப்பிக்கப்பட்டது. பிழையை உணர்ந்து நிறுத்துவதற்குள் ‘பின்’, ‘டெவ்’, ‘எட்ஸி’, ‘லிப்’ என்னும் நான்கு அடைவுகள் மறைந்தன. அன்றாடக் கட்டளைகளும், கருவிகளை இணைக்கும் வாயில்களும், பயனாளர் பட்டியலும் அவற்றோடு போயின. பயனாளரின் கோப்புகள் தப்பின. ஆனால் அவற்றைக் காந்த நாடாவில் படியெடுக்கும் நாள் வியாழன். நிகழ்ந்ததோ அதற்கு முந்திய நாள்! முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்கும் நிலையிலிருந்த மாணவர் சிலரின் ஒரு வார உழைப்பு ஆபத்தில் நின்றது.

பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கலாம் என்பதே முதலில் தோன்றிய எண்ணம். அவ்வாறு செய்திருந்தால் பொறி எழுந்திருக்கவே இயலாது; எழுப்பும் நிரல்களும் அழிந்தவற்றுள் அடங்கும். அவர்கள் சற்றே நின்று சிந்தித்தனர். அச்சிந்தனையே அவர்களைக் காத்தது. ஏனெனில், வட்டிலிருந்து கோப்பின் பெயர் நீங்கினாலும், முன்னரே இயங்கத் தொடங்கிய நிரல் உடனே மடிவதில்லை. அது முடியும்வரை அதற்குரிய உள்ளடக்கத்தை யூனிக்ஸ் காத்து நிற்கும். நற்பேறாக, ஈமாக்ஸ் என்னும் எழுதும் நிரல் ஒருவர் திரையில் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது. முழு அதிகாரம் பெற்ற முனையம் ஒன்றும் திறந்தே இருந்தது.

புதிய ‘எட்ஸி’ அடைவு வேண்டும். அடைவை உண்டாக்கும் கட்டளையோ இல்லை. எனவே வாக்ஸ் பொறியின் அடிமொழியில் ஏறத்தாழப் பன்னிரண்டு வரிகள் எழுதி, வேறொரு வாக்ஸ் பொறியில் அதனை நிரலாக்கினர். அதன் அளவு 76 பைட்டுகளே! அவற்றைப் பதினாறடிமான எண்களாக ஈமாக்ஸில் தட்டச்சிட்டு, மீண்டும் நிரலாக மாற்றினர். அதற்கு இயங்கும் உரிமை அளிக்கும் கட்டளையும் அழிந்திருந்தது. அதனால், ஏற்கெனவே அவ்வுரிமை பெற்றிருந்த பழைய நிரல் ஒன்றன் மேல் இதனை எழுதிவிட்டனர். எவ்வளவு எளிய வழி!

அடைவு பிறந்தது. அதில் பயனாளர் பட்டியல் முதலியவற்றைக் கையாலேயே எழுதினர். உடனே வலையிணைப்பு உயிர்பெற்றது. அண்டைப் பொறியிலிருந்து கட்டளைகள் வந்துசேர்ந்தன. பழைய நாடாவிலிருந்து ‘டெவ்’ அடைவு மீண்டது. ஆய்வு மாணவரின் எழுத்துகள் அழியாமல் நிலைத்தன. இவ்வரலாற்றை அக்குழுவினருள் ஒருவர் 1986 ஆம் ஆண்டில் எழுதிவைத்தார்.

பிற்காலத்தில் இப்பிழையைத் தடுக்க முயன்றவர்களும் உண்டு. 2006 ஆம் ஆண்டு முதல் குனூ திட்டத்தின் ‘ஆர்.எம்.’ கட்டளை, வேர் அடைவைப் பெயர் சுட்டி நீக்கச் சொன்னால் தானாகவே மறுக்கிறது. எனினும், வேரடியில் நின்று ‘இங்குள்ள அனைத்தையும்’ என உடுக்குறியால் சொன்னால் அத்தடை பயன்படுவதில்லை. வேலியில் இன்னும் ஒரு வழி திறந்தே இருக்கிறது.

மாணவர்களே! படியெடுத்துக் காத்தல் முதற் கடமை; அதில் ஐயமில்லை. ஆனால் படியெடுக்கும் நாளுக்கு முன்பே பிழை நேர்ந்துவிட்டால், எஞ்சியிருப்பது யாது என்று அமைதியாக எண்ணிப் பார்ப்பதே வழி. பொறியின் அடிப்படையைக் கற்றவனுக்கு 76 பைட்டுகளும் போதும்; கல்லாதவனுக்கோ கட்டளைகள் ஆயிரம் இருந்தும் பயனில்லை.