பெயின்ட் அடிப்பது கடைசி வேலை! பழைய சைக்கிளுக்குப் புது கலர் கொடுக்கப்போறீங்களா?

உங்க வீட்டு மாடிப்படிக்கு அடியில ஒரு சைக்கிள் நிக்குதா? பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்ததாக இருக்கலாம். தாத்தா வேலைக்கு ஓட்டிப்போனதாக இருக்கலாம். லாக்டவுன்ல ஆசை ஆசையா வாங்கி, இப்போ துண்டு காயப்போட மட்டும் பயன்படுவதாகவும் இருக்கலாம். ரீல்ஸ்ல யாரோ ஒருத்தர் 30 விநாடியில் துருப்பிடித்த ஃப்ரேமைப் பளபளன்னு மாத்துறதைப் பார்த்ததும் நமக்கும் கை பரபரக்கும். ஸ்ப்ரே கேன் வாங்கினோமா, அடிச்சோமான்னு முடிச்சிடலாம்னு தோணும்.

முடியாது மக்களே. ஒரு ஃப்ரேமுக்குப் பெயின்ட் அடிக்க அரை நாள் போதும். அதுக்கு முன்னாடி தேய்க்கிறதுக்கும், பின்னாடி காயவிடுறதுக்கும்தான் ரெண்டு வாரம் ஆகும். ஆனா, நல்ல விஷயம் ஒண்ணு இருக்கு. பைக் மாதிரி ஆர்.சி. புக்ல கலர் மாத்தணும்கிற தலைவலி சைக்கிளுக்கு இல்லை. உங்க சைக்கிள், உங்க கலர்.

பிரிக்கும்போதே போட்டோ எடுங்க

எதைக் கழற்றினாலும் அதுக்கு முன்னாடி மொபைல்ல ஒரு போட்டோ. பிரேக் கம்பி எந்தப் பக்கமா போச்சு, எந்த வாஷருக்கு மேல எந்த நட் இருந்ததுன்னு பிறகு நினைவிருக்காது. பால்ரஸ் குண்டுகளை எண்ணி ஒரு டப்பாவில் போட்டு வைங்க. இடது பெடலைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: அதன் மரை தலைகீழ். வழக்கமா நாம லூஸ் பண்ற திசைக்கு எதிரா, கடிகார முள் சுத்துற பக்கமா திருப்பினாத்தான் கழலும். இது தெரியாம ஸ்பேனர் மேல ஏறி நின்னவங்க நிறைய பேர். நானும் நின்னிருக்கேன்.

கிரீஸை மண்ணெண்ணெய் அல்லது டீசல் வெச்சுத் துடைச்சுட்டு, சோப்புத் தண்ணியில கழுவிக் காயவைங்க. இப்போ வெறும் ஃப்ரேமை வெயிலுக்குக் கொண்டுவந்து நிதானமா பாருங்க. மொத்த வேலையிலும் முக்கியமான பத்து நிமிஷம் இதுதான். ஹேண்டில்பார் நுழையும் முன்பக்கக் குழாய், பெடல் அச்சு ஓடும் அடிக்குழாய், சீட் கம்பி இறங்கும் இடம், பின்சக்கரத்தைத் தாங்கும் முனைகள்... இந்த இணைப்புகளில் முடி மாதிரி ஒரு கோடு தெரியுதா? அது பெயின்ட் விரிசல்தானா, உலோகமே விட்டிருக்கான்னு அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்ச்சுப் பாருங்க. தேய்ச்ச பிறகும் கோடு இருந்தா, கலர் பத்தின யோசனையை நிறுத்திடுங்க.

பழைய கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிள்களில் பெரும்பாலும் இரும்புக் குழாய்களை லக் எனப்படும் மூட்டுக்குள் செருகி, பித்தளையை உருக்கி இணைத்திருப்பார்கள். அதுல விரிசல்னா கேஸ் வெல்டிங் தெரிந்த நல்ல கைக்காரர் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. அலுமினியம் ஃப்ரேமில் விரிசல்னா அதை ஓட்டாதீங்க. அதன் வலு சூடேற்றிப் பதப்படுத்துவதில் வருவது; பட்டறையில் ஒரு வெல்டிங் வெச்சு அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. மேல பட்டி பார்த்துப் பெயின்ட் அடிச்சா விரிசல் போகாது, கண்ணுக்குத் தெரியாம போகும். மேம்பாலத்துல இறங்கும்போது முன்பக்கம் உடைஞ்சா, அடுத்து தரையில விழுறது உங்க முகம். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது, பழைய சைக்கிள்ல ஃப்ரேம் மட்டும் புத்தம் புதுசா மின்னினா, ஏன் அடிச்சீங்கன்னு கேட்கத் தயங்காதீங்க.

முழுசா சுரண்டணுமா?

வேண்டாம். வீடியோக்கள் சொல்லாத ரகசியம் இது. கம்பெனியில் சூளையில் சுட்டு ஏற்றிய பெயின்ட், நம்ம ஸ்ப்ரே கேனைவிட உறுதியானது. அது கெட்டியா ஒட்டியிருந்தா அதையே அடித்தளமா வெச்சுக்கலாம். துரு இருக்கிற இடத்தை மட்டும் 120-ம் நம்பர் உப்புத்தாளால் உலோகம் தெரியுற வரைக்கும் தேய்ங்க. பழைய பெயின்ட்டின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சரிவாக்குங்க. மீதி இடம் முழுக்க 400-ம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணியில நனைச்சுத் தேய்ச்சு, பளபளப்பு போய் மங்கலானா போதும். புதுப் பெயின்ட் பிடிச்சு நிக்க அந்தக் கீறல்கள்தான் பிடிமானம்.

தண்ணி விட்டுத் தேய்க்கச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. பழைய பெயின்ட்களில் ஈயம் இருக்கலாம். வீடுகளுக்கு அடிக்கும் பெயின்ட்டுக்கே ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்-க்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. அதனால தாத்தா காலத்து சைக்கிளைக் காய்ஞ்ச உப்புத்தாளால் தேய்ச்சுத் தூசி கிளப்பாதீங்க. குழந்தைகளைப் பக்கத்துல விடாதீங்க.

அடிக்குழாயின் கீழே குத்தியிருக்கும் ஃப்ரேம் நம்பரைப் பட்டி வெச்சு மூடிடாதீங்க. சைக்கிள் திருடுபோனா, இது என்னுதுன்னு சொல்ல உங்ககிட்ட இருக்கிற சாட்சி அதுதான்.

இங்கே ஒரு சொந்தக் கதை. எங்க அப்பாவோட சைக்கிள் ஒரு கறுப்பு ஹெர்குலஸ். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர் ஃபேக்டரியிலிருந்து தமிழ்நாட்டுத் தெருக்களெல்லாம் பரவிய வகை. அதன் செயின் கவரில் ஒரு ஆர்ட்டிஸ்ட் மஞ்சள் பெயின்ட்டில் அப்பா பேரை நிழல் எழுத்தா எழுதியிருந்தார். தேய்க்கிற வேகத்துல அதையும் தேய்ச்சுட்டேன். அப்பா திட்டல. புது நீலக் கலரைப் பார்த்து, "நல்லா இருக்கும்மா"ன்னு சொல்லிட்டு, செயின் கவரை மட்டும் ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தார். அதே எழுத்தை மறுபடி எழுத என்கிட்ட ஒரு போட்டோகூட இல்லை. உங்க சைக்கிள்ல கையெழுத்தோ, தங்கக் கோடோ, பழைய ஸ்டிக்கரோ இருந்தா, முதல்ல டிரேசிங் பேப்பர் வெச்சு அளவோட பதிவு பண்ணிக்கோங்க. அந்தப் பகுதியைத் தொடாம சுத்தி மட்டும் அடிக்கவும் செய்யலாம், தப்பே இல்லை.

ஸ்ப்ரே கேனைக் கையில எடுக்கலாம்

வெறும் உலோகம் தெரியுதுன்னா அன்னைக்கே பிரைமர் அடிச்சிடணும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்னா ராத்திரி முழுக்கத் திறந்துபோட்டு வைக்காதீங்க, காலையில செம்மண் கலர்ல துரு எட்டிப் பார்க்கும். இரும்புக்கு ஹார்டுவேர் கடை ரெட் ஆக்ஸைடே போதும். ஆனா, அதன் மேல மஞ்சளோ வெளிர் நிறமோ அடிச்சா அழுக்காத் தெரியும். நடுவுல ஒரு வெள்ளை அல்லது சாம்பல் கோட்டிங் தேவை. அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர்னு கேட்டு வாங்குங்க. மரை இருக்கிற எல்லா ஓட்டைகளையும், பால்ரஸ் கிண்ணம் உட்காரும் இடங்களையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்க.

பழைய பெயின்ட் பிரஷ்ல அடிச்ச எனாமலா இருந்தா, மேல ஸ்ப்ரே பட்டதும் பால் ஆடை மாதிரி சுருங்கலாம். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் சின்னதா அடிச்சு ஒரு நாள் விட்டுப் பார்த்துட்டு முழுசா அடிங்க.

நேரம் பார்த்து அடிக்கணும். உச்சி வெயில்ல பெயின்ட் பறக்கும்போதே காய்ஞ்சு சொரசொரப்பாகும். மழை ஈரத்துல வெளுத்துப்போகும். சாயங்காலம் கொசு வந்து ஒட்டும். காத்து இல்லாத காலை எட்டு மணிக்கு மேல் உகந்த நேரம். ஃப்ரேமைக் கம்பியில் தொங்கவிட்டு, ஒரு சாண் தூரத்துக்குக் கொஞ்சம் அதிகமா கேனைப் பிடிச்சு, குழாய்க்கு வெளியிலேயே ஆரம்பிச்சு வெளியிலேயே முடிக்கணும். முதல் கோட்டிங்கில் அடியில் இருக்கிறது தெரியத்தான் செய்யும், பதறாதீங்க. அதை ஒரே தடவையில் மூடப் பார்த்தா ஒழுகும். பத்துப் பதினைந்து நிமிஷ இடைவெளியில் மெல்லிசா மூணு நாலு கோட்டிங். ஒழுகிடுச்சா? கையால துடைக்காதீங்க. நல்லா காய்ஞ்சதும் 600-ம் நம்பர் வாட்டர் பேப்பர் இருக்கு.

துணி மாஸ்க் பெயின்ட் ஆவியைத் தடுக்காது, கார்பன் ஃபில்டர் வெச்ச மாஸ்க் வேணும். கார்களுக்கு அடிக்கும், ஹார்டனர் கலக்குற டூ-கே கிளியர் கோட் கண்ணாடி மாதிரி ஜொலிக்கும், உண்மைதான். ஆனா அதுல இருக்கிற ஐசோசயனேட் ஆஸ்துமாவையே வரவழைக்கக்கூடியது. அதைப் பெயின்ட் பூத் இருக்கிற பட்டறைக்கு விட்டுடுங்க.

டிசைன் ஆசை இருந்தா, அடியில் வரவேண்டிய கலரை முதல்ல அடிச்சு, வினைல் ஸ்டென்சில் ஒட்டி, மேல அடுத்த கலரை அடிச்சு உரிச்செடுங்க. மேட் ஃபினிஷ் போட்டோவுக்கு அழகு, ஆனா கைக்கறை பிடிச்சா பாலிஷ் போட முடியாது. யோசிச்சு முடிவெடுங்க. இத்தாலியில் டாரியோ பெகொரெட்டின்னு ஒரு ஃப்ரேம் கலைஞர் இருந்தார், 2018-ல் காலமானார். என்ன டிசைன் வரும்னு தெரியாமலே, அவர் மனசுபோல வரையட்டும்னு ஃப்ரேமை ஒப்படைக்க வாடிக்கையாளர்கள் தயாரா இருந்தாங்க. நம்ம ஊர்ல சுவர் விளம்பரம் எழுதும் ஆர்ட்டிஸ்ட் யாராவது தெரிஞ்சா, நீங்களும் அப்படி ஒப்படைச்சுப் பார்க்கலாம்.

இவ்வளவும் முடியாதுன்னா, கேட்டுக்கும் கிரில்லுக்கும் பவுடர் கோட்டிங் செய்யும் பட்டறைகள் இருக்கு. பொடியை மின்னூட்டம் கொடுத்துத் தூவி, ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரியில் சுடுவார்கள். இரும்பு ஃப்ரேமுக்கு அருமையான வழி. அலுமினியம்னா, அந்தச் சூட்டில் வலு குறைய வாய்ப்பு இருக்கிறதால, சைக்கிள் ஃப்ரேம்னு சொல்லி வெப்பத்தைக் குறைச்சுச் செய்ய முடியுமான்னு முதல்லயே கேளுங்க. கார்பன் ஃப்ரேமுக்குச் சூளையும் கூடாது, பெயின்ட் ரிமூவரும் கூடாது. ரெண்டுமே நார்களைப் பிடிச்சிருக்கிற ரெசினைக் கெடுத்துடும்.

கைக்குக் காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ளுக்குள்ள இறுக ஒரு வாரமாவது ஆகும். அதுக்கு முன்னாடி ஸ்பேனர் வெச்சா பெயின்ட் பெயர்ந்துடும். சக்கர நட் உட்காரும் இடத்துல கனமான பெயின்ட் இருந்தா சுரண்டி எடுத்துடுங்க. இல்லேன்னா, ஓட்ட ஓட்ட அது நசுங்கி நட் லூஸாகும். முதல் ரைடு போயிட்டு வந்ததும் எல்லா நட்டையும் ஒரு தடவை முடுக்குங்க, ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை.