ஐம்பது பாகம் ஆழம்

நம் கடற்கரையில் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். இரு கைகளையும் விரித்து நின்றால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. 1953இல் சுவிட்சர்லாந்தின் பிளாங்பெய்ன் நிறுவனம் முக்குளிப்போருக்காகச் செய்த கைக்கடிகாரத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘ஐம்பது பாகம்’ என்றுதான் வரும். ரோலெக்ஸின் சப்மரைனரும் அதே ஆண்டில் உருவானது. இன்று கடிகாரப் பிரியர்கள் மாய்ந்து மாய்ந்து பேசும் பழைய பாணி முக்குளிப்புக் கடிகாரங்களுக்கெல்லாம் இவைதாம் மூதாதையர். இவற்றின் உருவத்தில் அலங்காரத்துக்காக வந்தது மிகக் குறைவு. 1943இல் பிரான்ஸில் கூஸ்தோவும் கான்யானும் முதுகில் சுமக்கும் காற்று உருளையைப் பயனுக்குக் கொண்டுவந்த பிறகு, நீருக்குள் போனவர் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று தாமே கணக்கு வைக்கவேண்டி வந்தது. அதற்காகவே விளிம்பில் சுழலும் வளையம். இறங்கும்போது அதன் குறியை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி வைத்தால் போதும். இருட்டில் தெரிய ரேடியம் பூச்சு, தூரத்திலிருந்தும் படிக்கத் தடித்த முட்கள். தூத்துக்குடியில் கல்லைக் காலில் பிடித்து இறங்கி, மூச்சு இருக்கும்வரை முத்துச் சிப்பி பொறுக்கியவருக்கு இப்படி ஒரு கருவி தேவைப்படவில்லை. அவருடைய நேரம் அவர் நெஞ்சிலும், மேலே தோணியில் கயிறு பிடித்தவரின் கையிலும் இருந்தது.

இந்தக் குடும்பத்தில் ஒரு கிளைக்கு நம்மோடு நேரடி உறவு உண்டு. 1737இல் தொடங்கிய ஃபேவர் லூபா, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பம்பாய்க்கு வந்துவிட்ட நிறுவனம். 1962இல் அது ‘பிவ்வாக்’ என்ற கடிகாரத்தை வெளியிட்டது. அதற்குள் காற்றழுத்தமானி ஒன்று இருந்தது. ஏறிய உயரத்தை 3,000 மீட்டர் வரை ஒரு முள் காட்டும். பழனி மலைத்தொடரின் உச்சியான வந்தரவு 2,533 மீட்டர்தான் என்பதால், ஒட்டன்சத்திரத்தில் புறப்பட்டு வடகாடு வழியாகப் பாச்சலூர் ஏறி, அங்கிருந்து கொடைக்கானல் வரை போனாலும் அந்த முள்ளுக்கு இடம் மிஞ்சும். 1968இல் அதே தத்துவத்தைத் தலைகீழாக்கி ‘பாத்தி’ வந்தது. பின்மூடித் துளை வழியே புகும் நீர் ஒரு மெல்லிய தகட்டை அழுத்த, இறங்கிய ஆழத்தை முள் காட்டும். எல்லை 50 மீட்டர். இரண்டில் எது கடினமான வேலை என்பதற்கு ஒரு கணக்கு உதவும். அடிவாரத்திலிருந்து கொடைக்கானல் உயரத்துக்கு ஏறும்போது குறையும் காற்றழுத்தம் மொத்தமும் சேர்ந்தால், இரண்டு மீட்டர் தண்ணீரின் அழுத்தத்துக்குத்தான் சமம். பாச்சலூரோடு நின்றுவிட்டால் அதைவிடக் குறைவு. ஒரு மலைத்தொடரையே ஏறி முடிக்கும் மாற்றத்தைக் கிணற்றின் முதல் சில படிகளில் கண்டுவிடலாம். அவ்வளவு சிறிய மாற்றத்தை உணரும் கருவியையும், ஐந்து மடங்கு கூடும் அழுத்தத்தைத் தாங்கி அளக்கும் கருவியையும் ஒரே பட்டறை ஆறு ஆண்டு இடைவெளியில் மணிக்கட்டில் கட்டித் தந்தது. அந்த நிறுவனத்தின் வரலாறு என்று நான் மதிப்பது இந்தத் துணிவைத்தான். 1964இல் வந்த, 200 மீட்டர் தாங்கும் ‘டீப் ப்ளூ’ நல்ல கடிகாரம். ஆனால் அதைப்போல் பலரும் செய்தார்கள்.

இந்தியாவில் ஃபேவர் லூபாவுக்குப் பெயர் வாங்கித் தந்தவை வேறு. ‘சீ சீஃப்’, ‘சீ கிங்’ என்று கடலின் பெயரைச் சூடிய, தினம் சாவி கொடுக்கவேண்டிய, மெல்லிய 17 கல் கடிகாரங்கள் அவை. சுழலும் வளையம் கிடையாது. மழைத்துளிக்கும் வியர்வைக்கும் மேல் அவற்றிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாட்ச் போடும் வழக்கம் பரவிய காலத்தில் அவை மணவறைக்குப் போயின; ஒருபோதும் கடலுக்குப் போனதில்லை. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் எச்.எம்.டி. தொழிற்சாலை தொடங்கியதும், இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியதும், பிறகு குவார்ட்ஸ் அலை அடித்ததும் அந்தப் பெயரை மெல்ல மெல்ல அலமாரிக்குள் தள்ளின.

2011இல் அதை விலைக்கு வாங்கியது டைட்டன். கொடுத்த தொகை சுமார் 20 லட்சம் யூரோ. டாட்டா குழுமமும் தமிழ்நாட்டரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் உருவாக்கிய நிறுவனம் டைட்டன். டிட்கோவின் பங்கு நான்கில் ஒன்றுக்கும் மேல். ஆக, சுவிட்சர்லாந்தின் மிகப் பழைய கடிகாரப் பெயர்களில் ஒன்று பன்னிரண்டு ஆண்டுகள் ஓசூரில் ஆலை வைத்திருக்கும் நிறுவனத்தின் கையில் இருந்தது. தமிழ்நாட்டு மக்களுக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. இது நம் தொழில் வரலாற்றில் போதுமான அளவு பேசப்படாத செய்தி என்பது என் வருத்தம். கடிகாரங்கள் சுவிட்சர்லாந்திலேயே செய்யப்பட்டன. ஆனால் முதலீடும் முடிவுகளும் இங்கிருந்து போயின. பழைய டீப் ப்ளூவை அச்சு மாறாமல் எடுத்துப் போடுவதுதான் எளிய வழி. டைட்டன் காலத்தில் அது நடக்கவில்லை. ‘ரைடர் ஹார்ப்பூன்’ என்ற 46 மில்லிமீட்டர் கடிகாரத்தில் மணி முள்ளையே எடுத்துவிட்டு, மணியைச் சுழலும் வளையத்துக்கு மாற்றினார்கள்; நீருக்குள் இருப்பவருக்கு வேண்டியது நிமிடம்தான் என்பதால் நடுவில் நிமிட முள் தனியாக நின்றது. பிவ்வாக் 3,000 மீட்டரிலிருந்து 9,000க்கு ஏறியது. 2018இல் ஒரு மலையேற்ற வீரரின் கையில் எவரெஸ்ட் உச்சியையும் பார்த்துவிட்டது. பாத்தி 48 மில்லிமீட்டர் உடலோடு 50 மீட்டரிலிருந்து 120க்கு இறங்கியது. தொட்ட அதிகபட்ச ஆழத்தை நினைவில் வைத்துக்கொள்ளத் தனி முள்ளும் சேர்ந்தது. விற்பனை கைகொடுக்கவில்லை. 2023இல் எத்தோஸ் குழுமத்தின் சில்வர்சிட்டி நிறுவனத்துக்குப் பெயர் கைமாறியது. 2024இல் ஜெனீவாவில் மறுபடி அறிமுகமானபோது டீப் ப்ளூ பழைய முகத்தோடு, சுமார் 40 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கி வந்தது. எல்லாரும் மகிழ்ந்தார்கள், ‘பழையபடி’ என்ற சொல் எங்கும் ஒலித்தது. என் கருத்து வேறு. விற்காமல் போன அந்த 46, 48 மில்லிமீட்டர் கடிகாரங்களே அந்தப் பட்டறையின் பழமைக்கு நெருக்கமானவை.

இதை மறுப்பவர்களிடம் வலுவான காரணங்கள் இருக்கின்றன. காற்று உருளையோடு கடலுக்குள் போகிறவர்களில் பெரும்பாலோர் இன்று முக்குளிப்புக் கணினியைக் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள். ஆழம் காட்டும் இயந்திரக் கடிகாரம் யாருக்கு வேண்டும், மிஞ்சியிருப்பது அழகு ஒன்றுதானே என்பார்கள். பயன் போய்விட்டது என்பது உண்மை. ஆனால் அதே வாதம் டீப் ப்ளூவின் சுழலும் வளையத்தையும் வெட்டிவிடும்; 300 மீட்டர் தாங்கும் அந்தப் புதுக் கடிகாரத்தை அலுவலகத்துக்குக் கட்டிப்போகிறவருக்கு அந்த 300 எதற்கு? பயனற்றது என்று ஒன்றைத் தள்ளி, அதே அளவு பயனற்ற இன்னொன்றைப் பழமை என்று போற்றுவது முறையாகாது. அடுத்தது அளவு. 48 மில்லிமீட்டர் நம்மவர் மணிக்கட்டில் தட்டு வைத்தாற்போல் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விற்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ஆனாலும் அதைப் பழமைக்குச் செய்த துரோகம் என்று சொல்ல இடமில்லை. 1968இன் பாத்தியே அந்தக் காலத்துக் கடிகாரங்களுக்கு நடுவே பூதம்போல் இருந்தது. உள்ளே தகடும் நெம்புகோலும் அமர இடம் வேண்டுமே. உருவம் அங்கே வேலையைப் பின்தொடர்ந்து வந்தது. ஓசூரின் சொந்தச் சாதனையும் இதையே காட்டுகிறது. 2002இல் வெளிவந்த டைட்டன் எட்ஜின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர், அவ்வளவு மெல்லிய கடிகாரத்தைத் தண்ணீர் புகாமலும் செய்தார்கள். எந்தப் பழைய கடிகாரத்தின் சாயலும் அதில் இல்லை. எட்ஜ் செய்தவர்களின் நிறுவனமே பிறகு 120 மீட்டர் ஆழத்தை அளக்கும் கடிகாரத்துக்கும் காசு போட்டது என்பதில் ஒரு தொடர்ச்சியைப் பார்க்கிறேன்.

சந்தை தீர்ப்புச் சொல்லிவிட்டதே என்ற வாதம்தான் மிகக் கனமானது. விற்காத கடிகாரத்தால் ஒரு பெயரைக் காப்பாற்ற முடியாது. 2024இல் பழைய உருவத்துக்குத் திரும்பியவர்கள் அந்தப் பெயரைப் பிழைக்கவைத்தார்கள் என்றால் அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் பிழைப்பதற்கு எது தேவைப்பட்டது என்பதும், வரலாறு எது என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டுக்கும் ஒரே விடையைத் தந்துவிட்டால், விளம்பரத்தில் வரும் படமே வரலாறு என்று ஆகிவிடும்.

இதற்கிடையில், யாரும் வடிவமைப்பு என்று அழைக்காத ஒரு மறுவடிவமைப்பு இந்தியாவில் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. பழைய சீ சீஃப், சீ கிங் கடிகாரங்களின் நைந்துபோன டயலைக் கழற்றிச் சுரண்டி, புது வண்ணம் பூசி, எழுத்துகளைத் திரும்ப அச்சடித்து விற்கிறார்கள்; இந்தத் தொழிலின் மையம் மும்பை. ஆரஞ்சு, கிளிப்பச்சை, இரண்டு நிறம் கலந்தவை என்று ஜெனீவா ஒருபோதும் கண்டிராத நிறங்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றைக் கண்டால் ஒதுங்கிப்போகிறார்கள். அசல் கெட்டுவிட்டது என்பது அவர்கள் கட்சி. டயல் போய்விட்டது என்பது சரிதான். மூடியைத் திறந்தால் உள்ளே அதே 17 கல் இயந்திரம், எத்தனையோ ரிப்பேர்காரர்களின் கைபட்டு, எண்ணெய் விட்டு, காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலை வரை ஓடிக்கொண்டிருக்கிறது.