அமைதியான பழைய சாலைகள்: சைக்கிளோட்டிகளுக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனாலே ஒரு பக்கம் காடும் மறுபக்கம் ஆறுமாக நீளும் சாலைகள் இருக்கின்றன. அங்கே வாகன இரைச்சல் குறைவு. இருவாச்சிப் பறவையின் சிறகோசையும் தூரத்தில் சியாமாங் குரங்குகளின் கூச்சலும் காதில் விழும். சைக்கிளில் செல்வோர் இந்தச் சாலைகளைத் தேடி வருவது இதற்காகவே.

இவை புதிதாகப் போடப்பட்டவை அல்ல. ஈயச் சுரங்கங்களையும் தங்கச் சுரங்கங்களையும் ரப்பர் தோட்டங்களையும் இணைக்க ஆங்கிலேயர் காலத்தில் வெட்டப்பட்டவை. அக்காலச் சாலை, ரயில் பாதைப் பணிகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் உழைப்பு பெரும்பங்கு வகித்தது. பின்னாளில் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு டவுனுக்குப் போகவும் படம் பார்க்கவும் கோயில் திருவிழாவுக்குப் போகவும் சைக்கிளே வாகனமாக இருந்தது. இன்று பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டுவோர் செல்வதும் ஏறக்குறைய அதே பாதைகளில்தான்.

அமைதிக்குக் காரணம்

ஒரு பழைய சாலை அமைதியாக இருந்தால், அதன் போக்குவரத்தை இன்னொரு சாலை எடுத்துக்கொண்டது என்று பொருள். வடக்கு - தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்டதும், முதலாம் எண் கூட்டரசு சாலையில் சென்ற நெடுந்தூர வாகனங்கள் அங்கே மாறின. 1970களின் இறுதியில் காராக் நெடுஞ்சாலை வந்ததும் பெந்தோங், ரவூப் செல்லும் பழைய மலைச் சாலைகள் ஓய்ந்தன.

ஆனால் வாகனங்கள் குறையும்போது கடைகளும் பட்டறைகளும் வழித்துணையும் குறைந்துவிடுகின்றன. நடுவழியில் விழுந்தால் அடுத்த வண்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே, இச்சாலைகளில் செல்பவர் தமக்கு வேண்டிய உதவியைத் தாமே எடுத்துச் செல்ல வேண்டும்.

தொடங்குவோருக்கு: ரவாங் - தஞ்சோங் மாலிம்

செரண்டா, பத்தாங் காலி, ராசா, கோலகுபு பாரு, கெர்லிங், கலும்பாங் வழியாகச் செல்லும் முதலாம் எண் சாலையில் பெரிய மலையேற்றம் கிடையாது. வழியெங்கும் செம்பனையும் ரப்பரும் சிறு பட்டணங்களும் வரும். தாகத்துக்குத் தேநீர்க் கடை உண்டு. ரயில் பாதை சாலையை ஒட்டியே செல்வதால், களைத்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம். சைக்கிளை ரயிலில் ஏற்றுவதற்கான விதிமுறைகளை முன்கூட்டியே நிலையத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரவாங் பக்கம் போக்குவரத்து அதிகம். கோலகுபு பாருவிலிருந்து வடக்கே செல்லும் பகுதி புதியவர்களுக்குப் பொருத்தமானது. எனினும் லோரிகள் வரும். சாலையின் இடது ஓரத்தில் ஒருவர் பின் ஒருவராகச் செல்வதே நல்லது.

கோலகுபு பாரு - பிரேசர் மலை

கேப் வரை 55-ஆம் எண் கூட்டரசு சாலையில் செல்லும் பாதை இது. சுமார் 40 கிலோமீட்டரில் 1,200 மீட்டர் அளவுக்கு உயர்கிறது. அதாவது, 100 மீட்டர் தூரத்துக்குச் சராசரியாக 3 மீட்டர் ஏற்றம். தொடக்கத்தில் மிதமாகவும் கேப் எனப்படும் கணவாயைத் தாண்டிய கடைசி 8 கிலோமீட்டரில் செங்குத்தாகவும் இருக்கும்.

இவ்வழியில் வரலாறும் கிடக்கிறது. பட்டணத்தை ஒட்டியுள்ள அம்பாங் பெச்சா என்ற ஊர்ப் பெயருக்கு உடைந்த அணை என்று பொருள். 1883-இல் அங்கிருந்த அணை உடைந்து பழைய கோலகுபுவை வெள்ளம் அழித்தது. அதற்குப் பின்னும் வெள்ளம் தொல்லை கொடுத்ததால், பட்டணம் வேறு இடத்தில் புதிதாக எழுப்பப்பட்டது. பெயரிலுள்ள பாரு, அதாவது புதிய என்ற சொல், அதைத்தான் குறிக்கிறது. மேலே போனால் சுங்கை சிலாங்கூர் அணைக்கட்டு வரும். அது கட்டப்பட்டபோது பெர்த்தாக் பகுதியில் வாழ்ந்த தெமுவான் பூர்வகுடியினர் வேறு இடத்தில் குடியமர்த்தப்பட்டனர். அவசரகாலத்தின்போது, 1951 அக்டோபர் 6-ஆம் தேதி, பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டதும் கேப் செல்லும் இதே சாலையில்தான்.

அணைக்கட்டைத் தாண்டிய பின் கடைகளை நம்ப முடியாது. பல இடங்களில் தொலைபேசிச் சமிக்ஞையும் கிடைக்காது. கேப்பிலிருந்து மலைக்கு இரண்டு சாலைகள் உண்டு. மண்சரிவால் ஒன்று மூடப்படுவதும், ஒருவழிப் போக்குவரத்து ஏற்பாடு மாறுவதும் உண்டு. எது திறந்திருக்கிறது என்று அன்றே விசாரித்துக்கொண்டு புறப்பட வேண்டும்.

கோம்பாக் - பெந்தோங்

68-ஆம் எண் சாலை காராக் நெடுஞ்சாலைக்கு முந்திய பெந்தோங் பாதை. பத்து 12-இல் உள்ள பூர்வகுடியினர் மருத்துவமனையைக் கடந்து கெந்திங் செம்பா வரை ஏறி, பிறகு பெந்தோங் நோக்கி இறங்குகிறது. தலைநகருக்கு அருகில் இருப்பதால், நேரம் இல்லாதவர்கள் கெந்திங் செம்பா வரை ஏறித் திரும்பிவிடலாம். வளைவுகள் குறுகலானவை. வார இறுதியில் வேகமாக வரும் மோட்டார் சைக்கிள்களிடம் கவனம் தேவை.

உலு லங்காட் - கோல கிளாவாங்

உலு லங்காட்டில் ஊர்களுக்கு மைல்கல்லே பெயர். மலாய்மொழியில் பத்து 14, பத்து 18 என்பார்கள். தோட்டத் தமிழில் அது பதினாலாங் கட்டை, பதினெட்டாங் கட்டை. பதினெட்டாங் கட்டையைத் தாண்டியதும் காடு தொடங்கும். சிலாங்கூர், நெகிரி செம்பிலான் எல்லையான கெந்திங் பெரஸ் உச்சியைக் கடந்து இறங்கினால் ஜெலுபு மாவட்டத்தின் கோல கிளாவாங் வந்துவிடும்.

நீண்ட மலையேற்றம் வேண்டாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. செமினியிலிருந்து செமினி அணைக்கட்டு, சுங்கை தெக்கலா வழியாக உலு லங்காட் பக்கம் வரலாம். விடுமுறை நாள்களில் ஆற்றுக்குக் குளிக்க வரும் குடும்பங்களின் கார்கள் காலை 10 மணிக்கு மேல் சாலையை நிறைத்துவிடும். அதற்கு முன் முடித்துவிடுவது நல்லது.

தோட்டச் சாலைகள்

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைகள் நிழலாக இருக்கும். ஆனால் அவை தனியார் நிலம். காவல் சாவடியில் சொல்லிவிட்டு, அனுமதி பெற்றே நுழைய வேண்டும். மழை பெய்தால் மண் வழுக்கும், மெல்லிய டயர் புதையும். பழக்குலை ஏற்றி வரும் டிராக்டருக்கு எப்போதும் வழிவிட வேண்டும். லயத்து வீடுகளின் அருகே நாய்கள் துரத்தினால், மிதிப்பதை நிறுத்தி இறங்கி, சைக்கிளை இடையில் வைத்துக்கொண்டு நடப்பது பாதுகாப்பானது.

நேரமும் மழையும்

தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஏறக்குறைய 7 மணி முதல் 7.30 மணிக்குள் சூரியன் உதிக்கிறது. வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்புவதே சரியான திட்டம். பிற்பகல் இடிமழை இங்கு வழக்கமானது. மேற்குக் கரையில் ஏப்ரல் - மே, அக்டோபர் - நவம்பர் மாதங்களில் மழை கூடுதல். முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் பகலிலும் எரியட்டும். மரநிழலில் திடீரென எதிர்ப்படும் சைக்கிள் கார் ஓட்டுநரின் கண்ணில் படாது.

தொடர்ந்து சில நாள் மழை பெய்திருந்தால் மலைச் சாலைப் பயணத்தை ஒத்திவைக்க வேண்டும். 2022 டிசம்பர் 16-ஆம் தேதி பத்தாங் காலி - கெந்திங் சாலையோரத்தில் ஏற்பட்ட மண்சரிவு 31 உயிர்களைப் பலிகொண்டது. நனைந்த மலைச்சரிவு எப்போது இறங்கும் என்று கண்ணால் பார்த்துக் கணிக்க முடியாது.

ஏற்றத்தைவிட இறக்கம் ஆபத்து

மலையேறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். மோசமான விபத்துகள் இறக்கத்தில்தான் நேர்கின்றன. பிரேக்கை இடைவிடாமல் அழுத்திப் பிடித்தால் சக்கர விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். விட்டுவிட்டு, இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும், வளைவுக்குள் போன பின் அல்ல. காட்டுச் சாலையில் பாசியும் ஈர இலையும் மூங்கில் சருகும் சோப்புபோல வழுக்கும். புறப்படுமுன் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள்

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். சைக்கிள் ஓட்டுவது இவர்களுக்கு நல்ல பயிற்சி. ஆனால் இன்சுலின் போடுவோருக்கும் சிலவகை மாத்திரை எடுப்போருக்கும் நீண்ட ஏற்றத்தில் சர்க்கரை அளவு திடீரென இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே நிறுத்தி இனிப்பு பானமோ குளுக்கோஸோ எடுக்க வேண்டும். இவர்கள் தனியாகச் செல்லக்கூடாது. நெஞ்சுவலி வந்தவர்களும் நீண்ட காலம் உடற்பயிற்சி இல்லாதவர்களும் முதலில் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

தலைக்கவசம், மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாத தண்ணீர், மாற்று டியூப், காற்றுப் பம்பு, சிறு சாவிப் பை, மழைச்சட்டை, அடையாள அட்டை, கொஞ்சம் ரொக்கம் ஆகியவை போதும். உணவைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்தால் குரங்குகள் கூடிவிடும்.

எந்த வழியில் போய் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும். அவசர அழைப்புக்கு 999. கோலகுபு பாரு, ரவூப், பெந்தோங், காஜாங், ஜெலுபு ஆகிய இடங்களில் அரசு மருத்துவமனைகள் உண்டு. சமிக்ஞை இல்லாத இடத்தில் விபத்து நேர்ந்தால், ஒருவர் காயம்பட்டவருடன் இருக்க இன்னொருவர் சமிக்ஞை கிடைக்கும் இடத்துக்கு விரைய வேண்டும். அதனால், மலைச் சாலைக்குக் குறைந்தது மூவராகச் செல்வதே பாதுகாப்பு.