பழைய சேலை வாணிகம்

உடுத்திய துணியைக் காசுக்கோ பண்டமாற்றாகவோ வாங்கி மறுபடி விற்கும் தெருத்தொழில். விருதுநகர் வட்டாரத்தில் எவர்சில்வர் கூடையோடு தெருவுக்கு வரும் பாத்திரக்காரம்மாதான் இதற்குக் கடை. நான்கு சேலைக்கு ஒரு சம்படம் கேட்டால், "இன்னும் ரெண்டு பேன்ட் போடுங்கக்கா" என்பார். சேலையை வெளிச்சத்தில் பிரித்துக் கிழிசல் பார்த்த பிறகே பேரம் படியும்.

பட்டுக்குத் தனி ஆள் வருவார். அவருக்கு வேண்டியது சேலையல்ல, சரிகை. அசல் சரிகை, பட்டு நூலில் மெல்லிய வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரியும். வேறு நிறம் தெரிந்தால் பேசாமல் மடித்துக் கொடுத்துவிடுவார். கரையையும் முந்தியையும் எரித்து உருக்கி வெள்ளியைப் பிரிப்பார்கள். பாட்டியின் கல்யாணச் சேலை எடைக்குப் போவது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

சிவகாசியில் நைந்த பருத்திக்கு மவுசு உண்டு. பாலியெஸ்டர், நைலான் உரசலில் எழும் நிலைமின்சாரப் பொறி வெடிமருந்தைப் பற்றவைத்துவிடும் என்பதால், பட்டாசு ஆலைக்குள் பருத்தி உடைதான் விதி. அலமாரியில் மினுங்கும் சேலை மருந்து அறைக்கு ஆகாது. அச்சகங்களுக்கோ, மை துடைக்கப் பழந்துணியும் பனியன் வேஸ்ட்டும் வேண்டும்.

காசே கைமாறாத வழியும் உண்டு. திருநெல்வேலியில் 2018-இல் மாவட்ட நிர்வாகம் திறந்த ‘அன்புச் சுவ’ரில் வேண்டாததை வைக்கலாம், வேண்டியதை எடுக்கலாம்.

எதற்கும் உதவாத கம்பளி அரியானாவின் பானிப்பட்டில் நிறம்வாரியாகக் கிழிக்கப்பட்டு, நூலாகி, போர்வையாகிறது.